சிக்கின் மூ சொதப்பினால்: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

கொரியாவில் பொரித்த கோழி வாங்கினால் கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா வரும். உள்ளே தாயக்கட்டை மாதிரி நறுக்கிய வெள்ளை முள்ளங்கி, இனிப்பும் புளிப்புமான தண்ணீரில் முங்கிக் கிடக்கும். அதுதான் சிக்கின் மூ. மூ என்றால் முள்ளங்கி. 1970களின் கடைசியில் தேகு நகரத்தில் சின்னதாகக் கோழிக்கடை வைத்திருந்த யூன் ஜொங்-கே என்பவர்தான் இதைக் கோழிக்குத் துணையாக வைக்க ஆரம்பித்தார் என்று அங்கே பரவலாகச் சொல்வார்கள். யார் ஆரம்பித்தால் என்ன, இது இல்லாமல் ஐந்தாவது துண்டுக்கு மேல் எண்ணெய்க் கோழி தொண்டையில் இறங்காது.

நான் இருப்பது சூவொன் நகரத்தில். பல்தல்முன் கோட்டை வாசலுக்குப் பக்கத்துத் தெரு முழுக்க முழுக்கோழி பொரிக்கும் கடைகள்தான், அதனால் வாரம் ஒரு தடவையாவது கோழி வந்துவிடும். டப்பா பாதிக் கோழியிலேயே காலியாகிவிடும், கூடுதல் டப்பாவுக்குத் தனிக் காசு. சரி, வீட்டிலேயே போடலாம் என்று ஆரம்பித்து இதுவரை எத்தனை ஜாடியைத் தொட்டியில் கொட்டினேன் என்று எனக்கே கணக்கு இல்லை. ஊர்க்காரப் பசங்களும் "அக்கா, இது ஏன் இப்படி ஆச்சு" என்று படம் எடுத்து அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப எழுதி அலுத்துப்போய்த்தான் இதை ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் என் அளவு. இதை வைத்துத்தான் கீழே எல்லாம் சொல்லப்போகிறேன். முள்ளங்கி 1 கிலோ, ஒன்றரை சென்டிமீட்டர் கட்டிகளாக. தண்ணீர் 400 மில்லி, 6 முதல் 7 சதவீத வினிகர் 200 மில்லி, சர்க்கரை 180 கிராம், உப்பு 25 கிராம். தண்ணீரில் சர்க்கரை, உப்பைப் போட்டுக் கொதிக்கவைத்து, இறக்கி, ஆறிய பிறகு வினிகர் ஊற்றிக் கலந்து, கழுவிக் காயவைத்த 2 லிட்டர் கண்ணாடி ஜாடியில் முள்ளங்கியைப் போட்டு அதன் மேல் ஊற்ற வேண்டும். நேராக ஃபிரிட்ஜ். இரண்டு நாள் கழித்துச் சாப்பிடலாம், மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் கேள்வி கேட்கும் முன் இரண்டு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள்: முள்ளங்கியை வெட்டினால் உள்ளே எப்படி இருக்கிறது, வினிகர் பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது. எனக்கு வரும் புகாரில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலேயே தீர்ந்துவிடும்.

## கடித்தால் நறுக்கென்று இல்லை, தொளதொளவென்று இருக்கிறது

ஊறல் தண்ணீரில்தான் ஏதோ தப்பு என்று எல்லோரும் முதலில் அதன் அளவை மாற்றிப் பார்ப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன், மூன்று ஜாடி வீண். ஒரு கட்டியை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

### வெட்டினால் நடுவில் பஞ்சு மாதிரி இருக்கிறது

வாங்கும்போதே பஞ்சு பாய்ந்த முள்ளங்கி. கொரியர்கள் இதை "காற்றுப் புகுந்த மூ" என்பார்கள். இதைச் சரிசெய்ய வழியே இல்லை. உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் கிடையாது, மனசு வந்தால் சாப்பிட்டுத் தீர்க்கலாம். அடுத்த தடவை கடையில் கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கேற்ற கனம் இருக்க வேண்டும். இலையோடு விற்றால் வெளி இலையின் காம்பை அடியில் உடைத்துப் பாருங்கள். காம்புக்குள் ஓட்டையாகவோ வெள்ளைப் பஞ்சாகவோ இருந்தால் கிழங்கும் அப்படித்தான் இருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் இலை வெட்டிய முள்ளங்கியை முடிந்தவரை வாங்குவதில்லை.

### கண்ணாடி மாதிரி இருக்கிறது, அழுத்தினால் தண்ணீர் விடுகிறது

இது உறைந்து இளகிய முள்ளங்கி. ஜனவரியில் பால்கனியில் வைத்தீர்களா? இரவில் சூவொன் குளிர் மைனஸ் பத்துக்குப் போகும்போது முள்ளங்கி கல்லாகி, காலையில் இளகி, பார்க்க நன்றாகவே இருக்கும். ஊறப் போட்ட பிறகுதான் சாயம் வெளுக்கும். பால்கனி இல்லையென்றால் ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தீர்களா என்று பாருங்கள். ஜாடியை முன்பக்கம் நகர்த்தினாலே தீரும்.

உறையவும் இல்லை என்றால் வேகவைத்துவிட்டீர்கள். நான் ஒரு தடவை சீக்கிரம் ஊறட்டும் என்று கட்டிகளையும் பாத்திரத்தில் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டேன், சாம்பாரிலிருந்து பொறுக்கி எடுத்த முள்ளங்கி மாதிரி ஆகிவிட்டது. ஊறல் தண்ணீரைச் சூடாக ஊற்றலாமா, ஆறவைத்து ஊற்றலாமா என்பதில் கொரிய வீடுகளுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. சூடாக ஊற்றினால்தான் நறுக்கென்று இருக்கும் என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஊற்றினால் மூடியைத் திறந்தே வைத்துச் சீக்கிரம் ஆறவிடுங்கள். சூட்டோடு மூடி ஒரு இரவு வெளியே வைத்தால் தொளதொளப்பு நிச்சயம். நான் ஆறவைக்கும் கட்சி.

### உள்ளே சரியாக இருக்கிறது, ஓரம் மட்டும் மெத்து

பழசாகிவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் போனால் இப்படித்தான். அல்லது கட்டியை ரொம்பச் சின்னதாக நறுக்கியிருப்பீர்கள். சின்னதை ஒரு வாரத்தில் முடித்துவிட வேண்டும்.

## நாக்கில் சுருக்கென்று காரம், பின்னால் கசப்பு

போட்டு எத்தனை நேரம் ஆனது? சாயங்காலம் போட்டு ராத்திரியே சாப்பிட்டால் பச்சை முள்ளங்கியின் காரம் இருக்கத்தான் செய்யும். இரண்டு நாள் பொறுங்கள்.

இரண்டு நாள் கழித்தும் காரம் என்றால், எந்த மாதம், கிழங்கின் எந்தப் பகுதி என்று பாருங்கள். நவம்பரில் கிம்ச்சி (புளிக்கவைத்த காய்கறி) போடும் சமயத்தில் வரும் இலையுதிர்கால முள்ளங்கிதான் இனிப்பு. குளிர்காலம் முழுக்க ஜேஜு தீவிலிருந்து வருவதும் நன்றாகவே இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கிடைப்பது காரமும் கசப்புமாக இருக்கும், அதைப் பழிக்க முடியாது, வெயிலில் வளர்ந்தது. ஒரே கிழங்கிலும் மேலே பச்சை தட்டிய தோள்பகுதி இனிக்கும், வால்பகுதி எரியும். சிக்கின் மூவுக்கு மேல் பாதியை எடுத்துக்கொண்டு வால் பாதியைச் சூப்பில் போட்டுவிடுங்கள். தோலை உருளைக்கிழங்குக்குச் சீவுவதைவிடக் கொஞ்சம் ஆழமாகச் சீவுங்கள்.

கோடையில் வேறு வழியில்லை என்றால், நறுக்கிய கட்டிகளில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் அதே அளவு சர்க்கரையும் போட்டுப் பிசறி அரைமணி நேரம் வைத்து, விட்ட தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்புறம் ஊறப் போடுங்கள். ஊறல் தண்ணீரில் உப்பைப் பாதியாகக் குறைக்க மறக்காதீர்கள், நான் மறந்திருக்கிறேன். காரம் முழுதாகப் போகாது, ஆனால் சாப்பிடும்படி ஆகும்.

## மூடியைத் திறந்ததும் நாற்றம்

வீட்டில் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொள்ளும் அந்த நாற்றம்தானே? பயப்பட ஒன்றுமில்லை. முள்ளங்கியில் கந்தகச் சத்து உண்டு, மூடிவைத்தால் அந்த வாசம் ஜாடிக்குள் சேர்ந்துகொள்ளும். கடை டப்பாவும் இதே வேலையைச் செய்யும். சாப்பிடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் திறந்து, வேண்டிய கட்டிகளைக் கிண்ணத்தில் எடுத்துவைத்தால் அடங்கிவிடும். ஒரு எலுமிச்சைத் துண்டு போட்டால் இன்னும் நன்று.

பத்து நிமிடம் கழித்தும் நாற்றம் போகாமல், அழுகின வாடையோ ஈஸ்ட் வாடையோ அடித்தால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## தண்ணீர் கலங்கிவிட்டது

இதில் நிறைய வகை இருக்கிறது, அவசரப்பட்டுக் கொட்டவும் வேண்டாம், அசட்டையாகச் சாப்பிடவும் வேண்டாம்.

### முதல் இரண்டு நாளில் லேசான மங்கல், வாசம் சரி

நறுக்கும்போது வந்த துகள்கள். அசைக்காமல் வைத்தால் அடியில் தங்கும். விடுங்கள்.

### சின்னச் சின்னக் குமிழ், திறக்கும்போது புஸ் என்ற சத்தம்

சைடர் ஊற்றினீர்களா? கொரியாவில் சைடர் என்றால் எலுமிச்சை வாசம் கொண்ட சோடா, பல வீடுகளில் தண்ணீருக்குப் பதில் இதைத்தான் ஊற்றுவார்கள். அப்படியானால் குமிழ் அதனுடையது. ஊற்றவில்லை என்றால் உள்ளே புளிக்க ஆரம்பித்துவிட்டது. தொங்ச்சிமி என்று ஒரு தண்ணீர்க் கிம்ச்சி உண்டு, அதில் முள்ளங்கியை உப்புத் தண்ணீரில் வேண்டுமென்றே புளிக்கவைப்பார்கள். அது வேறு பண்டம், அதற்கு வேறு அளவு. சிக்கின் மூ தானாகப் புளித்தால் வினிகர் பற்றவில்லை, அல்லது குளிர் பற்றவில்லை என்று அர்த்தம்.

### கரண்டியில் எடுத்தால் நூல் மாதிரி இழுக்கிறது, அல்லது மேலே வெள்ளை ஏடு, பூஞ்சை

கொட்டிவிடுங்கள். மேலே ஏட்டை எடுத்துவிட்டுக் கீழே இருப்பதைச் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள். ஒரு முள்ளங்கி விலைக்கு யாரும் ஆஸ்பத்திரி போக வேண்டாம்.

காரணத்தை மலிவானதிலிருந்து பாருங்கள். சாப்பிட்ட சாப்ஸ்டிக்கையே ஜாடிக்குள் விடுகிறீர்களா? என் வீட்டில் கெட்டுப்போன ஜாடிகளில் முக்கால்வாசி இதனால்தான், குற்றவாளி யார் என்றும் தெரியும், சொன்னால் சண்டை வரும். அதற்கென்று ஒரு காய்ந்த கரண்டி வையுங்கள். அடுத்தது ஜாடி: வெந்நீரில் கழுவி முழுக்கக் காய்ந்த பிறகு போட்டீர்களா? அடுத்து கட்டிகள் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கின்றனவா, அப்படியென்றால் ஒரு சின்னத் தட்டை மேலே வைத்து அமுக்குங்கள். அப்புறம் வினிகர் சதவீதம், அதைப் புளிப்புப் பகுதியில் சொல்கிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இரண்டு ஜாடி தொடர்ந்து ஒரு வாரத்துக்குள் கெட்டால் சந்தேகம் ஃபிரிட்ஜ் மேல்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். 5 டிகிரி அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும். கூடுதலாக இருந்தால் குளிர்ப் பொத்தானை ஒரு படி ஏற்றுங்கள். பிறகு ஒரு காகிதத்தைக் கதவு இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது அல்லது அழுக்குப் பிடித்திருக்கிறது. வெந்நீரில் சோப்பு போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தால் ஒரு கை அளவு முன்னால் இழுத்து, தூசியைத் துடைத்துவிடுங்கள். மறுநாளும் 8, 9 என்று காட்டினால் ஆளைக் கூப்பிடுங்கள். வாடகை வீட்டோடு வந்த ஃபிரிட்ஜ் என்றால் முதலில் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள், ஒப்பந்தத்தில் அது அவர் பொறுப்பாக இருக்கலாம்.

## நிறம் மாறிவிட்டது

லேசான மஞ்சள் என்றால் இயல்பு, முள்ளங்கி ஊற ஊறத் தானாகவே மஞ்சளாகும். (கிம்பாப் என்ற கடற்பாசிச் சோற்றுச் சுருளிலும் கறுப்புச் சாந்து நூடுல்ஸ் பக்கத்திலும் வரும் பளீர் மஞ்சள் முள்ளங்கி தன்முஜி, அதற்குப் பெரும்பாலும் தனியாக நிறம் சேர்ப்பார்கள், அதை எதிர்பார்க்காதீர்கள்.) பூண்டு போட்டிருந்து அது பச்சையாகவோ நீலமாகவோ ஆகியிருந்தால் அதுவும் பயமில்லை, பூண்டும் வினிகரும் சேர்ந்தால் சில சமயம் அப்படி ஆகும். பச்சை முள்ளங்கியை வெட்டும்போதே நடுவில் நீலக் கறை தெரிந்தால் வெதுவெதுப்பான இடத்தில் கிடந்த கிழங்கு, கறையை வெட்டி எறியுங்கள். கறுப்பு, சாம்பல், முடி முளைத்த மாதிரி எதுவாக இருந்தாலும் ஜாடியோடு குப்பைக்கு.

## புளிப்பு பல்லைக் கூசுகிறது, அல்லது புளிப்பே இல்லை

வினிகர் பாட்டிலை எடுங்கள். கொரியாவில் சாதாரண ஆப்பிள் வினிகர் 6 முதல் 7 சதவீதம். அதே அலமாரியில், ஏறக்குறைய அதே வடிவப் பாட்டிலில், 2 மடங்கு வினிகர் இருக்கும், அது 13, 14 சதவீதம். லேபிளில் பெரிதாக 2 என்று போட்டிருப்பார்கள், தள்ளுபடி என்று நினைத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். முதல் ஆள் நான்தான்.

கணக்கு சுலபம். 200 மில்லியில் 6 சதவீதம் என்றால் 12 கிராம் அமிலம். அந்த 12 கிராம்தான் நமக்கு வேண்டும். 2 மடங்கு வினிகர் என்றால் 90 மில்லி வினிகர், 510 மில்லி தண்ணீர். ஊரிலிருந்து செய்து பார்ப்பவர்களுக்கு: நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதனால் 300 மில்லி வினிகர், 300 மில்லி தண்ணீர். இந்தக் கணக்குப் போடாமல் கொரிய அளவை அப்படியே எடுத்தால் புளிப்பும் இருக்காது, சீக்கிரம் கெடவும் செய்யும்.

புளிப்பு அதிகமாகிவிட்ட ஜாடியைக் காப்பாற்ற, ஊறல் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, ஆறவைத்த சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி ஒரு நாள் விடுங்கள். புளிப்பு குறைவாக இருந்தால் வினிகரை அப்படியே கூட்டலாம். இனிப்பு மட்டும் கடை டப்பா மாதிரி வரவில்லை என்று குறைப்பட்டால், பல டப்பாக்களில் சர்க்கரையோடு சாக்கரினும் இருக்கும், லேபிளைப் படித்துப் பாருங்கள். அந்த ருசிக்காகச் சர்க்கரையை 300 கிராமுக்கு ஏற்றுவதை நான் நிறுத்திவிட்டேன்.

பிங்ச்சோசான் என்ற பேரில் ஏறக்குறைய நீர் கலக்காத அசெட்டிக் அமிலம் விற்பார்கள். "பழைய கடை ருசி" வேண்டும் என்று அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். தோலில் பட்டாலே புண்ணாகும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். கண்ணில் பட்டாலோ, யாராவது தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டாலோ நேராக 119, அதுதான் கொரியாவின் ஆம்புலன்ஸ் எண்.

## பஜோனோடு வைக்கும் வெங்காயம், மிளகாய் சரியாக வரவில்லை

மழை பெய்தால் கொரியர்களுக்கு வெங்காயத்தாள் அடை ஞாபகம் வரும், அதான் பஜோன். நமக்கு பஜ்ஜி மாதிரி. அதற்குத் துணை முள்ளங்கி இல்லை, சோயா சாஸில் ஊறிய வெங்காயம், ஜாங்காஜி. சோயா சாஸ், வினிகர், சர்க்கரை, தண்ணீர் நான்கும் சம அளவுக் கப், கொதிக்கவைத்துச் சூடாகவே வெங்காயத்தின் மேல் ஊற்ற வேண்டும்.

உப்புக் கரித்தால், சோயா சாஸ் எது என்று பாருங்கள். சூப்புக்குப் போடும் சோயா சாஸில் உப்பு அதிகம், தெரியாமல் அதை ஊற்றியிருப்பீர்கள். ஊறல் தண்ணீரில் பாதியைத் தனியே எடுத்துவைத்து, வினிகரும் சர்க்கரையும் தண்ணீரும் கலந்து ஊற்றினால் சமாளிக்கலாம், எடுத்துவைத்தது பஜோனுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். வெங்காயம் துவண்டுபோனால் நான்கு நாளுக்கு மேல் ஊறாமல் மெல்லிதாக நறுக்கினதை முடித்துவிடுங்கள்.

முழு மிளகாய் ஊறவே மாட்டேன் என்கிறது, மேலே மிதக்கிறது, மிதக்கிற இடத்தில் ஏடு கட்டுகிறது என்றால் மிளகாய்க்குள் காற்று இருக்கிறது. காம்பைக் கொஞ்சம் விட்டு நறுக்கி, பல்குத்தும் குச்சியால் இரண்டு மூன்று இடத்தில் ஓட்டை போடுங்கள். ஏற்கெனவே ஏடு கட்டினது கட்டினதுதான், கொட்ட வேண்டியதுதான். புதிதாகப் போடும்போது செய்யுங்கள்.

## கடையிலிருந்து வந்த டப்பா உப்பியிருக்கிறது

மேல் பிளாஸ்டிக் லேசாக மேடாக இருப்பது சகஜம். பலூன் மாதிரி இறுக்கமாக உப்பியிருந்தால் தேதியைப் பாருங்கள், வெயிலில் கிடந்ததா என்று யோசியுங்கள், ஆனால் ருசி பார்க்காதீர்கள். படம் எடுத்துக் கடைக்குச் சொன்னால் வேறு டப்பா தருவார்கள். எனக்கு ஒரு கடையில் தர மறுத்தார்கள். கொரியாவில் கெட்ட உணவைப் புகார் செய்ய 1399 என்று எண் இருக்கிறது, டப்பாவையும் ரசீதையும் எறியாமல் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

எதையோ சாப்பிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து ஒரு நாளில் நிற்கவில்லை, காய்ச்சல் இருக்கிறது, மலத்தில் ரத்தம், தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை என்றால் ஜாடியை ஆராய்வதை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி. சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

## டப்பாவைத் திறக்கும்போது சட்டையில் தெறிக்கிறது

இது எல்லோருக்கும் நடக்கும், விளிம்புவரை தண்ணீர் நிரப்பி இறுக்கி ஒட்டியிருப்பதால் இழுத்த இழுப்பில் பீய்ச்சி அடிக்கும். தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரு மூலையைக் கத்தி நுனியால் சின்னதாகக் கீறி, எதிர் மூலையிலும் ஒரு கீறல் போட்டு, கவிழ்த்துப் பாதித் தண்ணீரை வடித்துவிட்டு அப்புறம் மேல் தாளை உரியுங்கள். தெறித்த தண்ணீர் சட்டையில் பட்டால் அலசினாலே போய்விடும், கோழி மேலே தடவுகிற அந்தச் சிவப்புச் சாந்து பட்டால்தான் எத்தனை தேய்த்தாலும் போகாது.